ரவுட்டர் மேசைக்கு எந்த ரவுட்டர்?

மரவேலையில் புதிதாக இறங்கியவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது: "ரவுட்டர் டேபிள் செய்யப் போறேன், எந்த ரவுட்டர் வாங்கலாம்?" ரவுட்டர் என்பது சுழலும் அலகால் மரத்தை வெட்டி வடிவம் கொடுக்கும் மிஷின்; அதை ஒரு மேசைக்கு அடியில் கவிழ்த்து மாட்டினால் ரவுட்டர் டேபிள். பதில்கள் உடனே வந்து விழும். 2400 வாட்ஸுக்குக் கீழே எதையும் தொடாதே என்பார் ஒருவர். அதெல்லாம் வீண் செலவு, கையில் இருக்கிற டிரிம்மரையே, அதாவது மைக்கா சீவும் சின்ன ரவுட்டரையே, கவிழ்த்து மாட்டு என்பார் இன்னொருவர். அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு வந்த மூன்றாமவர், மூன்றேகால் ஹெச்.பி. மோட்டாரும் அதை ஏற்றி இறக்க ஒரு லிஃப்டும் இல்லாவிட்டால் டேபிளே வேண்டாம் என்று முடித்துவிடுவார்.

மூவர் பேச்சும் சக்தியைச் சுற்றியே ஓடுகிறது. மேசைக்கு ரவுட்டர் எடுக்கும்போது சக்தி நாலாவது கேள்விதான். முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த மிஷினைத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அப்போதும் இது ஒழுங்காக வேலை பார்க்குமா? கையில் தங்கமாக உழைக்கும் ரவுட்டர் மேசைக்கு அடியில் போனதும் பாடாய்ப் படுத்துவது உண்டு. ஏன் என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சையோ விளம்பரத்தையோ நம்பி இருக்க வேண்டியதில்லை.

## கத்தியும் அரிவாள்மணையும்

ரவுட்டர் என்றால் ஒரு மோட்டார், அதன் தண்டு நுனியில் ஒரு வெட்டும் அலகு. அந்த அலகுக்கு பிட் என்று பெயர். மோட்டார் அதை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,000 முதல் 30,000 சுற்று வரை சுழற்றும். பலகை விளிம்பை உருட்ட, சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) எடுக்க, கதவுப் பலகைக்குச் சரிவு கொடுக்க, மைக்கா ஓரத்தைச் சீவ என்று பிட் மாறினால் வேலை மாறும். முன்பு ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் இழைப்புளி வைத்துக்கொண்டு செய்த வேலை இது.

கையில் பிடித்து ஓட்டும்போது மரம் அசையாமல் கிடக்கும், மிஷின் நகரும். மேசையில் மிஷின் அடியில் தொங்கும். பிட் மட்டும் மேசைப் பலகையின் ஓட்டை வழியே மேலே எட்டிப் பார்க்கும். மரத்தைத் தள்ளிக்கொண்டு போவது நாம். காய் நறுக்குவதில் கத்திக்கும் அரிவாள்மணைக்கும் உள்ள வித்தியாசம்தான். அரிவாள்மணையில் அலகு நின்ற இடத்தில் நிற்கும், இரண்டு கையும் காய்க்கு. அதனால்தான் கொத்தவரங்காய் போன்ற பொடிக் காயை அதில் விறுவிறுவென்று அரிய முடிகிறது. ரவுட்டரிலும் சின்னத் துண்டு, மெல்லிய சட்டம், ஒரே மாதிரி நாற்பது துண்டு என்றால் மேசை வசதி. ஆறடிப் பலகையின் நடுவில் பள்ளம் எடுக்க வேண்டுமென்றால் கையில் பிடித்துத்தான் செய்ய வேண்டும்.

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கத்திக்கு நல்ல பிடி முக்கியம். அதே கத்தியைக் கட்டையில் பொருத்தி அரிவாள்மணை ஆக்கிவிட்டால் அந்தப் பிடியால் ஒரு பயனும் இல்லை. ரவுட்டர் பெட்டியில் பெருமையாக அச்சடித்திருக்கும் ரப்பர் கைப்பிடி, எடை குறைவு, எல்.இ.டி. விளக்கு எல்லாம் மேசைக்கு அடியில் அந்தக் கதிதான். கடையில் கையில் தூக்கிப் பார்த்து "நல்லா இருக்கு" என்று முடிவெடுப்பது மேசைக்கு உதவாத சோதனை.

## தலைகீழானதும் என்ன நடக்கிறது

கையில் இருக்கும்போது மோட்டாரின் எடை பிட்டை மரத்தின் மேல் உட்கார வைக்கும். பெரிய ரவுட்டர் ஒன்று ஆறு கிலோ வரை இருக்கும். அந்த எடை அங்கே உதவிதான். மேசையில் அதே ஆறு கிலோ தரையை நோக்கி இழுக்கிறது. உயரத்தைப் பிடித்து வைக்கும் பூட்டைத் தளர்த்தினால் மோட்டார் தடாலென்று கீழே இறங்கும். பூட்டு சரியில்லாத மிஷினாக இருந்தால், வெட்டும்போது வரும் அதிர்விலேயே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் என்று நழுவும். முதல் துண்டில் 6 மி.மீ. ஆழம் இருந்த காடி, பத்தாவது துண்டில் ஐந்தரை ஆகியிருக்கும். பொருத்திப் பார்க்கும்போதுதான் தெரியும்.

அடுத்தது தூள். ரவுட்டருக்குள் இருக்கும் விசிறி வழக்கமாக மேலிருந்து காற்றை இழுத்து, மோட்டாரைக் குளிரவைத்து, பிட் பக்கமாக வெளியே தள்ளும். கவிழ்த்து மாட்டியதும் அது கீழிருந்து இழுத்து மேல்நோக்கித் தள்ள வேண்டும். மேலிருந்து விழுகிற மரத்தூளோ நேராக மோட்டார் வாய்க்குள் வந்து இறங்கும். மேசைக்குக் கீழே அழகாகப் பெட்டி அடித்து நாலு பக்கமும் மூடிவிட்டால், மிஷின் தான் விட்ட சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பெட்டி அடித்தால் காற்று நுழைய ஓர் ஓட்டையும், தூளை இழுக்க வேக்குவம் குழாய்க்கு ஓர் ஓட்டையும் கட்டாயம்.

சுழலும் திசையும் நம் கண்ணுக்கு மாறிவிடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது பிட் கடிகாரச் சுற்றில் ஓடும். கவிழ்த்ததும் மேலிருந்து பார்த்தால் எதிர்ச் சுற்று. மேசையின் பின்பக்கம் மரத்தை அணைத்துக்கொண்டு போக ஒரு நேர் சட்டம் வைப்போம், அதற்கு ஃபென்ஸ் என்று பெயர். மரத்தை அதன்மேல் சாய்த்து வலமிருந்து இடமாகத் தள்ள வேண்டும். அப்போதுதான் பிட் மரத்தை எதிர்த்து வெட்டும். இடமிருந்து வலமாகத் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கி வீசும். பின்னால் வரும் விரல் நேராக அலகில் போய் நிற்கும். ஃபென்ஸுக்கும் பிட்டுக்கும் நடுவே மரத்தை நுழைத்துத் தள்ளுவதும் இதே ஆபத்துதான். என்ன ரவுட்டர் வாங்கினாலும் இந்த இரண்டும் மாறாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: கவிழ்த்ததும் எடை எதிரியாகிறது, தூள் உள்ளே போகிறது, சுவிட்சும் பூட்டும் கை எட்டாத இடத்துக்குப் போகின்றன. மேசைக்கான ரவுட்டரைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த மூன்றையும் எது நன்றாகச் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான். அதோடு மேசை வந்தால் பெரிய பிட் போடும் ஆசையும் வரும். அங்கேதான் வேகம் நுழைகிறது.

## வேகத்தைக் குறைக்க முடிகிறதா?

என்னைக் கேட்டால் மேசை ரவுட்டரில் விட்டுக்கொடுக்கவே கூடாத அம்சம் இதுதான். வாட்ஸ் கொஞ்சம் குறைந்தால் மெதுவாகத் தள்ளிச் சமாளிக்கலாம். வேகத்தைக் குறைக்க வழியில்லாவிட்டால் சமாளிக்க ஒன்றும் இல்லை.

பெட்டியில் ஆர்.பி.எம். என்று போட்டிருப்பது பிட் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. மரத்தைத் தொடும் இடமோ பிட்டின் விளிம்பு. பிட் அகலமாக ஆக, அதே சுற்றில் விளிம்பு அதிக தூரம் ஓடியாக வேண்டும். 22,000 சுற்றில் 12 மி.மீ. பிட்டின் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதே 22,000 சுற்றில் கதவுப் பலகைக்குச் சரிவு கொடுக்கும் 83 மி.மீ. பேனல் பிட்டை மாட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 340 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அந்த வேகத்தில் மரம் கருகும், மிஷின் கிடுகிடுக்கும்; பிட்டில் பற்றவைத்த கார்பைடு என்ற கடினமான வெட்டுத் துண்டு பெயர்ந்தால் எங்கே போய் அடிக்கும் என்று சொல்ல முடியாது. 12,000-க்கு இறக்கினால் அதே பிட் மணிக்கு 190 கிலோமீட்டருக்குள் வந்துவிடும்.

பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு இப்படி: 25 மி.மீ. விட்டம் வரையுள்ள பிட்டுக்கு 24,000 சுற்று வரை போகலாம். 50 மி.மீ. வரை என்றால் 18,000. 65 வரை 16,000. அதற்கு மேலே 90 வரை 12,000. பிட் உறையில் உச்ச வேகம் அச்சடித்திருந்தால் அதுவே கடைசி வார்த்தை.

இப்போது கடைக்கு வருவோம். மகிட்டாவின் ஆர்.பி.1800 என்ற ரவுட்டர் 1850 வாட்ஸ்; ஒரே வேகம், 22,000. அதன் அண்ணன் ஆர்.பி.2301எஃப்.சி. 2100 வாட்ஸ், 9,000 முதல் 22,000 வரை வேகத்தை மாற்றலாம். வாட்ஸ் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, விலை குறைந்ததை எடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். மேசைக்கு என்று வந்தால் இரண்டும் வேறு வேறு சாதி மிஷின்கள். முதலாவதில் பேனல் பிட் போடவே கூடாது. இரண்டாவதில் 12,000-க்கு இறக்கிப் போடலாம். கதவு, அலமாரி ஷட்டர் என்ற எண்ணமே இல்லை, காடியும் விளிம்பு உருட்டலும் போதும் என்பவருக்கு முதலாவதும் நன்றாகவே உழைக்கும்.

"ஒரே வேக மிஷினுக்கு வெளியே ரெகுலேட்டர் வைத்துக் குறைத்தால் என்ன?" என்பார்கள். கார்பன் பிரஷ் வைத்த எளிய மோட்டாரில் வேகம் குறையும். கூடவே இழுவையும் போய்விடும், மரத்தில் வைத்ததும் திணறும். உள்ளேயே எலெக்ட்ரானிக் சர்க்யூட் உள்ள ரவுட்டரில் வெளி ரெகுலேட்டரைச் சேர்த்தால் சர்க்யூட் போய்விடலாம். உள்ளே வரும் வேகக் கட்டுப்பாடு அப்படியல்ல. நல்ல மிஷின்களில் மரம் எதிர்க்கும்போது அதுவே மின்சாரத்தைக் கூட்டி, வைத்த வேகத்தில் நிறுத்தும்.

## கொலெட்: பிட்டைப் பிடிக்கும் வாய்

மோட்டார் தண்டின் நுனியில் பிளவுகளோடு ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும். நட்டை முறுக்கினால் அது சுருங்கி பிட்டின் காம்பை இறுக்கிப் பிடிக்கும். அதுதான் கொலெட். பிட்டின் காம்புக்கு ஷேங்க் என்று பெயர். ஷேங்க் கால் இன்ச், அதாவது 6.35 மி.மீ., அல்லது அரை இன்ச், 12.7 மி.மீ. அளவில் வரும். ஐரோப்பிய வழக்கில் 8 மி.மீ. உண்டு. நம் ஊர்க் கடைகளில் இவற்றோடு 6 மி.மீ., 12 மி.மீ. இரண்டும் சேர்ந்து ஒரே தட்டில் கிடக்கும்.

மேசைக்கு அரை இன்ச் ஷேங்க் மாட்டக்கூடிய ரவுட்டர் வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் சக்தி அல்ல, விறைப்பு. உருண்டைக் கம்பியின் தடிமன் இரண்டு மடங்கானால் வளைவதை எதிர்க்கும் திறன் பதினாறு மடங்காகும். அரை இன்ச் ஷேங்க் கால் இன்ச்சைவிடப் பதினாறு மடங்கு விறைப்பு, 8 மி.மீ. ஷேங்க் இரண்டரை மடங்கு. விறைப்பு கூடினால் பிட் அதிராது, அதிராவிட்டால் வெட்டின முகத்தில் அலை அலையாகக் கோடு விழாது. பெரிய பேனல் பிட்டுகள் பெரும்பாலும் அரை இன்ச் ஷேங்கில்தான் வருகின்றன என்பது இன்னொரு காரணம்.

இங்கே புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. 12 மி.மீ. ஷேங்க் 12.7 மி.மீ. கொலெட்டுக்குள் சுலபமாகப் போகும். நட்டை முறுக்கினால் இறுகுவதுபோலவே இருக்கும். ஆனால் கொலெட் அத்தனை தூரம் சுருங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. முழுப் பரப்பிலும் பிடிக்காமல் ஒரு விளிம்பில் மட்டும் கவ்வியிருக்கும். ஓடும்போது பிட் மெல்ல மெல்ல வெளியே ஏறும். 6 மி.மீ. பிட்டைக் கால் இன்ச் கொலெட்டில் போடுவதும் இதே கதை. ரவுட்டரோடு பெட்டியில் வரும் கொலெட் மில்லிமீட்டரா இன்ச்சா என்று அதன் உடம்பிலேயே பொறித்திருப்பதைப் படித்துவிட்டு, அதே அளவில் பிட் வாங்குங்கள். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு கொலெட்.

பிட்டை அடிவரை இடித்துப் போடாமல், முட்டக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே இழுத்து இறுக்க வேண்டும். கொலெட் இறுகும்போது பிட்டைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் அந்த இடம் இருக்காது, பிடியும் முழுதாக விழாது.

ஆக, வேகம் மாற்ற முடிவதும் அரை இன்ச் அல்லது 12 மி.மீ. கொலெட்டும் பெரிய பிட்டுக்கான இரண்டு நுழைவுச் சீட்டுகள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் பெரிய பிட்டை மறந்துவிடுவது நல்லது.

## வாட்ஸும் ஹெச்.பி.யும்

இப்போதுதான் சக்திக்கு வருகிறோம். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட்ஸ். அமெரிக்க ரவுட்டர் மேசைகளில் பல காலமாகப் புகழ் பெற்ற போர்ட்டர்-கேபிள் 7518-இல் 3¼ ஹெச்.பி. என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் 2,400 வாட்ஸுக்கு மேல் வருகிறது. அதே மிஷினில் 15 ஆம்பியர் என்றும் போட்டிருக்கும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். பதினைந்தை நூற்றிருபதால் பெருக்கினால் 1,800 வாட்ஸ்தான்; அதாவது உள்ளே போகும் மின்சாரமே 2.4 ஹெச்.பி. அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். அப்படியானால் மூன்றேகால் எங்கிருந்து வந்தது? மோட்டார் திணறி நிற்கப்போகும் தறுவாயில் ஒரு கணம் எட்டும் உச்சத்தை அளந்து அச்சடிப்பது அங்கே பழக்கம். 7518 மட்டமான மிஷின் என்று அர்த்தமில்லை, அருமையான மிஷின். அந்த எண்ணைப் பார்த்து நாம் இங்கே 2400 வாட்ஸ் தேட வேண்டிய அவசியம் இல்லை என்பதுதான் விஷயம். நம் 230 வோல்ட்டில் ஓடும் 1800 வாட்ஸ் ரவுட்டரும் அதுவும் ஏறத்தாழ ஒரே எடை வகுப்பு.

அந்த அமெரிக்க மாடல்களை உறவினர் வழியே தருவிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 120 வோல்ட் மிஷினை 230 வோல்ட் பிளக்கில் செருகினால் புகைதான் வரும். அதற்கொரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மேசைக்கடியில் வைத்துக்கொண்டிருப்பது தலைவலி.

நம் பக்கம் கவனிக்க வேண்டியது பிளக். வீட்டுச் சாதாரண சாக்கெட் 6 ஆம்பியர். 1,380 வாட்ஸோடு அதன் எல்லை முடிந்தது. 1850 வாட்ஸ் ரவுட்டர் 8 ஆம்பியர் இழுக்கும், 2400 வாட்ஸ் பத்தைத் தாண்டும். கீஸருக்கும் ஏசிக்கும் போடும் 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெல்லிய ஒயர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிவிட்டு "மிஷினில் இழுவையே இல்லை" என்று குறை சொல்பவர்கள் அந்த ஒயரைத் தொட்டுப் பார்த்தால் காரணம் கையில் சுடும். பெரிய ரவுட்டரில் சாஃப்ட் ஸ்டார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவிட்ச் போட்டதும் ஒரேயடியாகத் துள்ளாமல் படிப்படியாக வேகம் எடுக்கும் ஏற்பாடு அது.

எத்தனை வாட்ஸ் வேண்டும் என்பதற்கு என் பதில்: காடி, விளிம்பு, பெட்டி மூலை இணைப்பு போன்றவற்றுக்கு 1200-1300 தாராளம். கதவு, ஷட்டர் என்று பேனல் பிட் போடுவதானால் 1600-க்கு மேல். அப்போதும் முழு ஆழத்தை ஒரே தடவையில் எடுக்காமல் இரண்டு மூன்று மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டு போனால் பாதிச் சக்தி போதும், முகமும் வழுவழுப்பாக வரும்.

## அடி வகை: ஃபிக்ஸ்டா, பிளஞ்சா?

ரவுட்டரின் மோட்டாரைத் தாங்கும் அடிப்பகுதி இரண்டு வகை. ஃபிக்ஸ்டு என்றால் மோட்டாரை ஒரு வளையத்துக்குள் ஏற்றி இறக்கி, தேவையான உயரத்தில் இறுக்கிவிடுவது. பிளஞ்ச் என்றால் இரண்டு தண்டுகளில் ஸ்பிரிங் வைத்து, மேலிருந்து அழுத்தினால் பிட் மரத்துக்குள் இறங்கும் ஏற்பாடு. பலகையின் நடுவில் பள்ளம் எடுக்க பிளஞ்ச்தான் சுகம்.

மேசையில் அந்த ஸ்பிரிங்கே வில்லன். அடித்தட்டு மேலே மேசையோடு இறுகியிருக்க, ஸ்பிரிங் மோட்டாரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். பிட்டை ஒரு மில்லிமீட்டர் உயர்த்த வேண்டுமென்றால் ஆறு கிலோ எடையையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து ஒரு கையால் தூக்கிப் பிடித்து, மறுகையால் பூட்ட வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் ஏறியிருக்கும், அல்லது ஏறியே இருக்காது. மண்டியிட்டு, மேசைக்கடியில் தலையை விட்டுக்கொண்டு இதை நாலைந்து தடவை செய்தவர் ஃபிக்ஸ்டு அடியின் அருமையை யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்வார்.

ஆகவே ஃபிக்ஸ்டு வாங்கிவிடலாம் என்றால், நம் கடைகளில் பெரிய ரவுட்டர் என்று அதிகம் கிடைப்பது பிளஞ்ச்தான். இரண்டு அடியும் சேர்ந்து வரும் போஷ் ஜி.எம்.எஃப்.1600 சி.இ. போன்றவை இருக்கின்றன, கிடைத்தால் ஃபிக்ஸ்டு அடியை மேசையிலேயே விட்டுவிட்டு, மோட்டாரை மட்டும் கழற்றி பிளஞ்ச் அடியில் மாட்டிக் கையாலும் ஓட்டலாம். டிரைட்டன் டி.ஆர்.ஏ.001 பிளஞ்ச்தான், ஆனால் மேசையை மனத்தில் வைத்தே வடிவமைத்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிடலாம். மேசைக்கு மேலிருந்தே ஒரு கைப்பிடியைச் சொருகிச் சுற்றினால் பிட் ஏறும், இறங்கும். முழுக்க மேலே ஏற்றினால் தண்டு தானாகப் பூட்டிக்கொள்ளும். கொலெட் நட்டு மேசைக்கு மேலே வந்துவிடுவதால் ஒரே ஸ்பேனரில் பிட் மாற்றலாம். 2400 வாட்ஸ், 8,000 சுற்றில் தொடங்கி வேகம் மாற்றலாம். மேசைக்கென்றே ஒரு ரவுட்டர், பணம் பிரச்சினை இல்லை என்றால் இதுபோல் ஒன்றைத் தேடுங்கள். அந்த பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. "மேலிருந்து உயரம் மாற்றலாமா, மேலிருந்து பிட் மாற்றலாமா" என்ற இரண்டு கேள்விக்கும் ஆம் என்று பதில் வந்தால் போதும்.

லிஃப்ட் என்று தனியாக விற்பது மோட்டாரைப் பிடித்து ஸ்குரூவால் ஏற்றி இறக்கும் உலோகச் சட்டம். விலை சில சமயம் ரவுட்டரையே தாண்டும். எல்லா லிஃப்டும் எல்லா மோட்டாருக்கும் பொருந்தாது. உருளை வடிவ மோட்டாருக்கென்று செய்தவையே அதிகம், நம் பிளஞ்ச் மிஷின்கள் பலவற்றின் மோட்டார் அடியை விட்டுத் தனியாக வராது. அதனால் இங்கே பலர் கையாளும் வழி, ரவுட்டருக்கு அடியில் கார் ஜாக்கியை வைத்து ஏற்றுவது, அல்லது எட்டு எம்.எம். திரெட் ராடும் (புரி போட்ட கம்பி) நட்டும் வைத்துத் தூக்குவது. எட்டு எம்.எம். ராடின் வழக்கமான புரி இடைவெளி 1.25 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு 1.25 மி.மீ. ஏறும், கால் சுற்றுக்கு 0.3-ஐ ஒட்டி வரும். வீட்டு வேலைக்கு அந்தத் துல்லியம் ஏராளம். பார்க்கத்தான் அழகாக இருக்காது.

## சுவிட்சும் கரன்ட் கட்டும்

மேசைக்கடியில் கை விட்டு ரவுட்டர் சுவிட்சைத் தேடுவது ஆபத்து. ரவுட்டர் சுவிட்சை ஆன் நிலையிலேயே பூட்டிவிட்டு, மேசையின் முன்பக்கம் தனி சுவிட்ச் வைப்பதுதான் வழக்கம். ஆகவே வாங்கும் மிஷினில் சுவிட்ச் தானாக நிற்க வேண்டும். விரலை எடுத்ததும் அணைந்துவிடும் வகையாக இருந்தால் மேசைக்கு ஆகாது.

முன்பக்கம் வைப்பது சாதாரண சுவிட்சாக இருந்தால் நம் ஊரில் ஒரு சிக்கல். வேலை நடுவில் கரன்ட் போகும். என்னவோ ஏதோ என்று குனிந்து பிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்போம். கரன்ட் வரும். நோ-வோல்ட் சுவிட்ச் என்று கேட்டு வாங்குங்கள்: மின்சாரம் நின்றதும் அதுவே விழுந்துவிடும், திரும்பப் பச்சைப் பட்டனை அழுத்தினால்தான் ஓடும். பிட் மாற்றும்போது அதையும் நம்ப வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

## அப்படியானால் டிரிம்மர்?

மைக்கா சீவ வைத்திருக்கும் சின்ன ரவுட்டர்தான் டிரிம்மர். மகிட்டா 3709 மாதிரி மிஷின் 530 வாட்ஸ், 30,000 சுற்று, ஒரே வேகம், 6 மி.மீ. அல்லது கால் இன்ச் கொலெட். இதை மேசையில் மாட்டுவது தப்பே இல்லை. சாவிப்பெட்டி, போட்டோ பிரேம், பொம்மை, 3 மி.மீ. விளிம்பு உருட்டல், டிராயருக்கு 4 மி.மீ. காடி எல்லாம் அழகாக வரும். எடை குறைவு என்பதால் கீழே நழுவும் தொல்லையும் குறைவு. ஆனால் 30,000 சுற்றைத் தாங்கும் சின்ன பிட்டுகளை மட்டுமே போட வேண்டும், 25 மி.மீ. பிட்டுக்கே 24,000 தான் எல்லை. வேகம் மாற்றக்கூடிய டிரிம்மரும் உண்டு. 10,000 முதல் 30,000 வரை போகும் மகிட்டா ஆர்.டி.0700சி. 710 வாட்ஸ். வேகம் குறைகிறதே என்று அதிலும் பெரிய பிட்டுக்கு ஆசைப்படாதீர்கள். கால் இன்ச் காம்பு தாங்காது.

முதல் மேசைக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான்: டிரிம்மர் கையில் இருந்தால் ஒரு பிளைவுட் துண்டில் அதை மாட்டிச் சில மாதம் ஓட்டுங்கள். எந்த வேலைக்கு அது போதவில்லை என்று அந்தக் காலத்தில் தெரிந்துவிடும். கதவு செய்ய வேண்டுமா, பெட்டி செய்ய வேண்டுமா என்று தெரியாமலே 2400 வாட்ஸ் மிஷின் வாங்கி மூலையில் வைத்திருப்பவர்கள் அதிகம்.

நடுத்தரமாக ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு போஷ் ஜி.ஓ.எஃப்.130 போன்ற 1300 வாட்ஸ் வகுப்பு இருக்கிறது. 11,000 முதல் 28,000 வரை வேகம் மாற்றலாம், 8 மி.மீ. பிட் போடலாம். கதவுப் பேனலுக்குப் பெரிய படுக்கைப் பிட்டுக்குப் பதிலாக நின்ற வாக்கில் வெட்டும் பேனல் பிட் கிடைக்கிறது. அதன் விட்டம் ஒன்றரை இன்ச்சை ஒட்டியே இருக்கும். பலகையை நிமிர்த்தி உயரமான ஃபென்ஸில் சாய்த்து ஓட்ட வேண்டும். எட்டு மி.மீ. ஷேங்கில் கிடைத்து, நிதானமாக நாலைந்து தடவையில் எடுத்தால் இந்த வகுப்பிலும் பேனல் வந்துவிடும்.

## வாங்கிய பிறகு முதல் வேலை

மேசையில் ரவுட்டர் உட்காரும் இடத்தில் பலகையை வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய ஆனால் விறைப்பான தட்டு ஒன்றைப் பதிப்போம். அதுதான் இன்செர்ட் பிளேட். 18 மி.மீ. பிளைவுட்டில் நேரடியாகத் தொங்கவிட்டால் அந்த 18 மி.மீ. பிட்டின் எட்டும் நீளத்தில் கழிந்துவிடும் என்பதால்தான் இந்தத் தட்டு. 6 முதல் 10 மி.மீ. கனத்தில் அலுமினியமோ ஹைலம் என்ற கெட்டியான பிசின் ஷீட்டோ போதும். ஆறு கிலோ மிஷினுக்கு 6 மி.மீ. ஹைலம் நாளடைவில் குழியும். 8 அல்லது 10 எடுங்கள். அக்ரிலிக் வேண்டாம், அதிர்வில் விரிசல் விடும்.

தட்டில் ஓட்டை போடுவதற்கு அளவு எடுத்துக் குழம்ப வேண்டியதில்லை. ரவுட்டர் அடியில் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, டபுள்-சைடு டேப்பால் இன்செர்ட் பிளேட்டில் ஒட்டி, அதன் ஓட்டைகள் வழியே டிரில் பண்ணினால் எல்லாம் தானாக நேராக வரும். கழற்றிய பழைய ஸ்குரூ நீளம் பத்தாது. அதே புரியில், தட்டின் கனத்தைச் சேர்த்து நீளமான கவுண்டர்சங் ஸ்குரூ வாங்குங்கள். தலை மேசை மட்டத்துக்குக் கீழே உட்காராவிட்டால் மரம் ஒவ்வொரு தடவையும் அதில் தட்டி நிற்கும். கழற்றிய பிளாஸ்டிக் தட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். ரவுட்டரைக் கையில் ஓட்டும் நாளில் அது இல்லாமல் முடியாது.